நாற்பத்தெட்டாவது போர்டு

ஈரோட்டு வெயிலில் எலக்ட்ரிக் பைக்கைத் தள்ளிக்கொண்டு வருகிறவனுக்கு இரண்டு சுமை. ஒன்று பைக். மற்றொன்று, எதிரே வருகிற ஒவ்வொருவரும் வேகத்தைக் குறைத்து, "சார்ஜ் இல்லீங்களா?" என்று கேட்கிற கேள்வி. இரண்டையும் இரண்டரைக் கிலோமீட்டர் சுமந்துகொண்டு சகாயராஜ் தமயந்தியின் பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது காலை மணி பதினொன்று. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகம் கடுகு போட்டால் வெடிக்கும் பதத்தில் இருந்தது.

"போர்டு போச்சுங்க்கா. கழட்டிக் கடாசிட்டு வேற போட்டுக் குடுங்க," என்றான்.

தமயந்தி குறிஞ்சி நகர் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில், வண்டி ஸ்டாண்டுக்கு எதிரிலேயே பட்டறை வைத்திருந்தாள். வயது நாற்பத்தொன்று. பேட்டரி போர்டு பழுது பார்ப்பதில் நல்ல பெயர். செல் எரிந்ததா, ஒயர் விட்டதா என்பதை மோப்பத்திலேயே சொல்லிவிடுவாள். மீட்டர் வைத்துப் பார்ப்பதெல்லாம் வந்தவர்களின் மனத் திருப்திக்காக. சகாயராஜும் அதே அடுக்ககத்தில் மூன்றாம் மாடிக்காரன்தான்.

"போர்டு போச்சா, இருக்குதான்னு நான் சொல்றேன். நீ மொதல்ல தண்ணியக் குடி," என்று சொம்பை நீட்டினாள்.

அவன் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தான். விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி, நடமாட முடியாத பெரியவர்களின் வீடு வீடாகப் போய் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, குளிர்ப்பெட்டியில் வைத்து, எட்டு மணிக்குள் லேபில் சேர்க்க வேண்டும். காப்பி குடிக்காமல் காத்திருக்கும் சர்க்கரை நோயாளியைப் போல ஒரு கோபக்காரர் உலகத்தில் கிடையாது. அப்படிப்பட்டவர்கள் பதினொரு பேரின் ரத்தத்தோடு இன்றைக்கு பைக் நடுரோட்டில் படுத்துவிட்டது. ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் ஐஸ் உருகி, அத்தனையும் வீண். பதினொரு பேரும் நாளைக்கு மறுபடி பட்டினி கிடந்து கை நீட்ட வேண்டும்.

"இந்த மாசத்துல இது மூணாவது தடவைங்க்கா. இன்னொருக்கா இப்புடி ஆச்சுன்னா ஐடி கார்டைக் கழட்டி மேசை மேல வெச்சுட்டுப் போயிருன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. நேத்து மத்தியானம் லேப் மொட்டைமாடியில தொண்ணூத்தஞ்சு ஏத்துனனுங்க. ஸ்டாண்டுல கொண்டாந்து விட்டனுங்க. காலைல பார்த்தா இருவது! இது பேட்டரியா, ஓட்டைப் பானையா?"

சமன் ஸ்டாண்டு இன்னும் வராத ஊர்க்காரர்களுக்காக இங்கே கொஞ்சம் விளக்கிவிட வேண்டும். பகலில் வெயில் மின்சாரம் கொட்டிக் கிடக்கிறது, பொழுது சாய்ந்தால் பஞ்சம். அதனால் வீட்டில் வண்டிக்குச் சார்ஜ் போடக் கூடாது என்று சட்டம் வந்தது. அவரவர் வேலை செய்யும் இடத்தில் பகலிலேயே ஏற்றிக்கொள்ள வேண்டியது. ஏற்ற வழியில்லாதவர்களுக்கு ஸ்டாண்டு. அங்கே தரையில் பதித்த தகட்டின் மேல் வண்டியை நிறுத்தினால், நிறைய வைத்திருக்கும் வண்டி குறைவாக வைத்திருக்கும் வண்டிக்குத் தானே கொடுக்கும். விடிவதற்குள் எல்லா வண்டியும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குகிற சமாசாரம்தான். கதவைத் தட்டி, நாலு வார்த்தை ஊர்க்கதை கேட்கிற வேலை மட்டும் கிடையாது.

ஒரு வண்டியில் எவ்வளவு இருக்கிறது என்பதை ஸ்டாண்டு எப்படித் தெரிந்துகொள்ளும்? அந்த வண்டியின் போர்டு சொல்வதுதான். போர்டு சொன்னால் ஸ்டாண்டு நம்பும். இருபது சதவீதத்துக்குக் கீழே மட்டும் எந்தப் போர்டும் கொடுக்காது.

"அவினாசியப்பன் அய்யா நேத்து எல்லார்த்து முன்னாலயும் சொல்றாருங்க்கா, 'தம்பி, உன்ற போர்டு கெட்டுக் கெடக்குது, ஸ்டாண்டுக்கே ஆகாது, சீக்கிரம் மாத்து'ன்னு. கனகவல்லி டீச்சர் பேட்டரிக்குத் தண்ணி கிண்ணி ஊத்திட்டியான்னு கேக்கறாங்க."

அவினாசியப்பன் அடுக்ககச் சங்கத்தின் தலைவர், நூல் மில்லில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கனகவல்லி ஓய்வு பெற்ற தமிழாசிரியை. ஓய்வு பெற்றவர்களுக்கு அடுத்தவர் வண்டியைப் பற்றி யோசிக்க நேரம் நிறைய இருக்கிறது.

தமயந்தி பேட்டரிப் பெட்டியைத் திறந்தாள். பழைய மாடல் போர்டு, ஆனால் பளிச்சென்று இருந்தது. ஒவ்வொரு செல்லாக மீட்டர் வைத்தாள்.

"இதுக்குள்ள பதினாலு செல் இருக்குது தம்பி. பதினாலும் ஒரே மட்டத்துல நிக்கோணும். ஒண்ணு ஏறுனாலும் எறங்குனாலும் போர்டு பார்த்துச் சரி பண்ணும். எப்பப் பிரச்சினைன்னா, ஒரு செல்லோட கணக்கு போர்டுக்குத் தப்பாப் போகும்போதுதான். ஒயர்ல துரு, சென்சார்ல ஈரம், ஏதோ ஒண்ணு. அப்ப மத்த பதிமூணும் சேர்ந்து சாகும்."

"இதுல எந்தச் செல்லுங்க தப்பு?"

"பொறு."

ஒன்றும் தப்பில்லை. பதினாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே வரிசையில் நின்றன. தமயந்தி போர்டைக் கணினியில் மாட்டி அதன் பதிவைத் திறந்தாள். முந்தைய மாலை: கொடுத்தது எழுபத்தைந்து. வாங்கிய வண்டிகள் நாற்பத்தேழு. அதற்கு முந்தைய மாலையும் அதே. போன வாரமும் அதே. மற்றவர்களிடமிருந்து வாங்கியது என்ற இடத்தில் இரண்டு மாதமாக ஒரு பூஜ்யம் மட்டும் உட்கார்ந்திருந்தது.

ஸ்டாண்டில் மொத்தம் நாற்பத்தெட்டு வண்டி. தமயந்தி திரையைச் சகாயராஜ் கண்ணில் படாமல் திருப்பினாள்.

ஏனென்றால் அந்த நாற்பத்தேழு போர்டும் அவள் கைபட்டவை.

எல்லாம் மூன்று மாதத்துக்கு முன்பு கனகவல்லி டீச்சரிடம் ஆரம்பித்தது. "தமயந்தி, வெள்ளிக்கிழமை விளக்கு வெச்ச பொறவு உப்பு, மோரு, ஊசி, எதையும் வீட்டை விட்டுக் குடுக்க மாட்டோமல்ல? இந்தப் போர்டு என்னடான்னா ஆறரைக்கு மேல வர்றவன் போறவனுக்கெல்லாம் அள்ளிக் குடுக்குது. அப்புறம் லட்சுமி எப்புடித் தங்குவா?" தமயந்திக்கு அது நியாயமாகவே பட்டது. விதிப்படி போர்டில் கை வைப்பது தப்புதான். ஆனால் ஹெல்மெட்டைத் தலையில் போடாமல் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போகிற அளவுக்கான தப்பு. நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு செய்தாள். வெள்ளிக்கிழமை மாலை மட்டும் போர்டு, 'என்னிடம் இல்லை' என்று சொல்லும்.

டீச்சர் பதறிப்போனார். "வெள்ளிக்கெழமையும் அதுவுமா 'இல்லை'ங்கற சொல்லு வாயில வரலாமா? 'இருக்குது, பதினஞ்சு இருக்குது'ன்னு சொல்லச் சொல்லு." ஆக, தொண்ணூறு வைத்திருக்கும் வண்டி மங்களகரமாகப் பதினைந்து என்று சொல்லப் பழகியது.

அடுத்த வாரம் இரண்டாம் மாடிக்காரர் வந்தார். அவருக்கு வெள்ளியோடு செவ்வாயும். பிறகு ஒருவர், அமாவாசையையும் கிருத்திகையையும் சேர்த்துக்கொண்டார். பிறகு ஒருவர் வந்து, "நமக்கு எல்லா நாளும் நல்ல நாளுதானுங்க," என்று வாரம் ஏழு நாளுக்கும் வாங்கிப் போனார். அதைக் கேள்விப்பட்டு மற்றவர்களும் ஏழு நாளுக்கு மாறினார்கள். ஒவ்வொருவரும் தனியாக வந்தார்கள், குரலைத் தாழ்த்தி, "வேற யாருக்கும் தெரிய வேண்டாம்," என்றார்கள். அவினாசியப்பன் வந்தபோது, "ஊட்டுக்காரிக்குத் தெரிய வேண்டாம்," என்றார். மறுநாள் ஊட்டுக்காரி ருக்குமணி தன் வண்டியோடு வந்து, "அவருக்குத் தெரிய வேண்டாம்," என்றார். நிறைந்து கிடக்கும் வண்டியும் பதினைந்து என்று ஓதியதால், கொடுப்பது நின்றதோடு இல்லாமல் வாங்கவும் தொடங்கிவிட்டது.

அந்தச் சில்லு வேலை செய்கிறதா என்று பார்க்க முதல் சில்லைத் தமயந்தி தன் வண்டியில்தான் வைத்தாள். பார்த்தாள். வேலை செய்தது. கழற்ற வேண்டும் என்று தினமும் நினைத்தாள். நினைப்பிலேயே மூன்று மாதம் ஓடிவிட்டது.

"என்னுங்க்கா, பேச்சையே காணோம்?" என்றான் சகாயராஜ்.

"உன்ற போர்டு நல்லாத்தான் இருக்குது தம்பி. உள்ளதை உள்ளபடி சொல்லுது."

"அப்புறம் எதுக்குங்க இருவது காட்டுது?"

"மத்ததுக உள்ளபடி சொல்றதில்ல போல."

அவன் சொம்பைக் கீழே வைத்தான். வீடு வீடாகப் போய் நரம்பு தேடிப் பழகியவன்; அவனுக்கு ஊசி குத்த வேண்டிய இடம் சட்டென்று தெரிந்துவிடும். "யாரு யாருதுங்க?"

"வைத்தியருகிட்ட நோயாளி பேரைக் கேக்கலாமா? இதும் அப்புடித்தான்."

"எத்தன பேரு?"

"கேக்காதன்னா கேக்காத."

அவன் ஸ்டாண்டைத் திரும்பிப் பார்த்தான். வண்டிகள் வரிசையாக, ஒன்றும் தெரியாத பிள்ளைகள்போல நின்றுகொண்டிருந்தன. "சரி. அவங்களுக்கு என்ன வெச்சீங்களோ அதை எனக்கும் வெச்சு உடுங்க. நாளைக்குப் பதினோரு பேரு பட்டினியாக் காத்துட்டிருப்பாங்க. நாளைக்கும் நான் போகலைன்னா எனக்கு வேலையில்ல."

"உனக்கும் வெச்சுட்டா குடுக்கறதுக்கு ஒரு வண்டியும் இருக்காது. ஸ்டாண்டே காஞ்சு போயிரும் தம்பி."

"நான் காஞ்சு கெடந்தப்ப யாருங்க பார்த்தா?"

தமயந்திக்கு அவமானமாக இருந்தது. 'என் வண்டியிலும் இருக்கிறது' என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லைத் தேடுகிற மாதிரி ஸ்க்ரூ டிரைவரைத் தேடினாள். ஸ்க்ரூ டிரைவர் கிடைத்தது.

பழைய மாடல் போர்டில் சில்லு ஏறாது. அதனால் போர்டையே மாற்ற வேண்டியதாயிற்று. பழையதை அவள் குப்பையில் போடவில்லை. செய்தித்தாளில் சுற்றி மேசை இழுப்பறையில் வைத்தாள்.

முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. சகாயராஜ் பதினொரு பேரின் ரத்தத்தையும் ஏழரைக்கே லேபில் சேர்த்துவிட்டான். மேனேஜர் பாராட்டவில்லை, திட்டவில்லை, அதுவே பெரிய பாராட்டு.

மூன்றாம் நாள் காலை பட்டறை வாசலில் ருக்குமணி நின்றார். மூக்குத்தி வரைக்கும் கோபம் ஏறியிருந்தது.

"தமயந்தி, என்ற போர்டு கெட்டுப் போச்சு. ரெண்டு நாளா ஒரு சொட்டு வரலை. அவரு வண்டியப் பழைய மில்லுலயே போயி ஏத்தீட்டு வர்றாரு, நூறு காட்டுது. பக்கத்துல பக்கத்துலதான் நிறுத்தறோம். முப்பத்திரண்டு வருஷம் அந்த மனுஷனுக்கு வடிச்சுக் கொட்டியிருக்கறேன், அவரு வண்டி என்ற வண்டிக்கு ஒரு விரக்கடை குடுக்க மாட்டேங்குது!"

அவர் போன பத்தாவது நிமிடம் அவினாசியப்பன் வந்தார். "அம்மிணி, ஊட்ல ரெண்டு நாளா ரசம் மட்டுந்தான். அவ வண்டிப் போர்டுல ஏதோ கோளாறு. சித்தே பார்த்துக் குடுத்தீன்னா எனக்குச் சோறு கெடைக்கும்."

பிறகு கனகவல்லி டீச்சர். திண்டல் மலை முருகனைப் பார்க்க நடந்தே போய்விட்டு, கால் இரண்டும் வீங்கி வந்திருந்தார். பிறகு இரண்டாம் மாடி, நாலாம் மாடி. மதியத்துக்குள் பட்டறை வாசலில் கல்யாண வீட்டுப் பந்திக்கு நிற்கிற மாதிரி வரிசை நின்றது. ஆளுக்கு ஆள் வானத்தைப் பார்த்துக்கொண்டு, தற்செயலாக வந்த மாதிரி நின்றார்கள். ஒவ்வொருவரும் உள்ளே வந்து சொன்னது ஒன்றே: என் போர்டு கெட்டுவிட்டது.

தமயந்தி ஒவ்வொருவரிடமும் உண்மையைச் சொன்னாள். "உங்க போர்டு கெடலீங்க. நீங்க வெச்ச சில்லையே மத்தவங்களும் வெச்சிருக்கறாங்க. குடுக்க ஆளில்ல."

அடேயப்பா, அந்தக் கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "இப்புடியுமா ஒரு மனுஷ ஜென்மம்?" என்றார் இரண்டாம் மாடிக்காரர். "அடுத்தவன் வயித்துல அடிச்சுத்தான் பொழைக்கோணுமா?" என்றார் எல்லா நாளும் நல்ல நாள்காரர். கனகவல்லி டீச்சர் ஈகையைப் பற்றி இரண்டு குறள் சொன்னார், இரண்டாவதில் கண் கலங்கினார். அப்புறம் எல்லோரும், ஒருவர் விடாமல், குரலைத் தாழ்த்தினார்கள்.

"மத்தவங்களுதை எடுத்துரு தமயந்தி. என்றதை மட்டும் இருக்கட்டும்."

"எடுத்தா நாப்பத்தெட்டையும் எடுப்பேன். இல்லைன்னா ஒண்ணையும் தொட மாட்டேன்," என்றாள் தமயந்தி. வாழ்க்கையில் முதல்முறையாக வாடிக்கையாளர்களிடம் குரலை உயர்த்தினாள். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

ஒரு நாள் முழுக்க யோசித்தார்கள். அவினாசியப்பன் வீட்டில் ரசம் தொடர்ந்தது. கடைசியில் ஒவ்வொருவராக, 'பழுது பார்க்க' வண்டியைக் கொண்டுவந்து விட்டார்கள். தமயந்தி முதலில் தன் வண்டிச் சில்லைப் பிடுங்கினாள். பிறகு மற்றவற்றை. இரண்டு நாளில் நாற்பத்தேழும் சுத்தம். ஸ்டாண்டு மறுபடி ஓடியது. எல்லோரும் ஐம்பதிலும் அறுபதிலும் நிம்மதியாகக் கிளம்பினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, "நம்ம ஸ்டாண்டு மாதிரி வராதுங்க," என்று வேறு சொல்லிக்கொண்டார்கள்.

பாக்கி ஒன்றுதான். தமயந்தி பழைய போர்டை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனாள். சகாயராஜ் குளிர்ப்பெட்டியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாத்தையும் எடுத்துட்டேன் தம்பி. இனி நீயும் இதையே போட்டுக்கலாம்."

"வேண்டாங்க்கா."

"எல்லாருமே இப்ப குடுக்கறாங்க. நீ ஒருத்தன் மட்டும் குடுக்காம வாங்கீட்டிருக்கற. நல்லா இருக்குமா?"

"நல்லா இல்லைதானுங்க." அவன் கோபப்படவில்லை. அதுதான் தமயந்திக்குச் சங்கடமாக இருந்தது. "மூணு மாசமா எல்லாரும் என்ற போர்டு கெட்டுப்போச்சு, கெட்டுப்போச்சுன்னாங்க. நானே நம்பிட்டேன். சாமத்துல எந்திரிச்சு வந்து வண்டியத் தொட்டுப் பார்ப்பனுங்க, சூடேறுதான்னு. இப்ப எல்லாருதும் சரியாயிருச்சு. ஒருத்தராச்சும் எங்கிட்ட வந்து, 'கெட்டது உன்றது இல்லடா, என்றது'ன்னு சொன்னாங்களா? நாளைக்கு மறுபடி நாலு பேரு சில்லு வெப்பாங்க. காலைல வண்டி இருவதுல நிக்கும். எனக்கு வேலை போகும். யாரு வெச்சாங்கன்னே தெரியாம எதை நம்பீங்க மாத்தறது?"

"யாராச்சும் வாயத் தொறந்து சொன்னா மாத்திக்குவியா?"

"ஒருத்தர் சொல்லட்டுங்க. எல்லார்த்து முன்னாலயும். பார்க்கலாம்."

தமயந்தி போர்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். மூன்று மாடிப் படியும் அன்றைக்கு ஆறு மாடியாக இருந்தது. அடுத்தவர் பேரைச் சொல்ல அவளால் முடியாது, தொழில். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், மனிதர்கள். ஆக, சொல்வதற்கு ஒரே ஒரு பேர்தான் இருந்தது. அதைச் சொன்னால் பட்டறை என்ன ஆகும் என்று படிக்குப் படி கணக்குப் போட்டாள். போர்டை நம்பி வண்டியை விடுகிறவர்கள் யாரும் திருட்டுப் போர்டுக்காரியிடம் விட மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கக் கூட்டம். தண்ணீர்த் தொட்டி, நாய்த் தொல்லை, லிஃப்ட் என்று வழக்கமான பட்டியல் முடிந்து, "வேற ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று அவினாசியப்பன் கேட்டார். யாரும் எதுவும் சொல்லாமல் பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய இடம் அது. தமயந்தி எழுந்தாள்.

"ஒண்ணு சொல்லோணுங்க. மூணு மாசமா என்ற வண்டியில பொய் சொல்ற சில்லு இருந்துச்சு. நெறையா வெச்சுக்கிட்டே பதினஞ்சுன்னு சொல்லி உங்க எல்லார்த்து சார்ஜையும் எடுத்தேன். முக்கியமா சகாயராஜ் வண்டியோடதை. அவன் போர்டு ஒரு நாளும் கெடலை. கெட்டது என்றது. அவன் வேலை போறாப்புல ஆனதுக்கு நான் காரணம். தப்புங்க. மன்னிச்சிருங்க."

கூடத்தில் பஜ்ஜி மெல்லும் சத்தம்கூட நின்றது. தமயந்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இப்போது ஒருவர் எழுந்தால் போதும், அடுத்தவரும் எழுவார் என்று அவளுக்குத் தோன்றியது. அவினாசியப்பன் நாற்காலியில் அசைந்தார். கனகவல்லி டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிறகு அவினாசியப்பன் தொண்டையைச் செருமினார். அந்த முகத்தில் ஒரு நிம்மதி பரவியதைத் தமயந்தி பார்த்தாள். மாதக்கணக்காகத் தேடிய வண்டிச் சாவி சட்டைப் பையிலேயே கிடைத்தவனுக்கு வருகிற நிம்மதி.

"அப்புடீங்களா! ஆக, நம்ம ஸ்டாண்டு காஞ்சதுக்குக் காரணம் இதுதான்! நம்மகூடவே இருந்து, நம்ம வண்டியவே தொட்டு..."

"நான் அப்பவே நெனைச்சேன்," என்றார் எல்லா நாளும் நல்ல நாள்காரர்.

"எத்தன நாள் நடந்தே கோயிலுக்குப் போனேன்," என்றார் டீச்சர், உண்மையான துக்கத்தோடு. அவர் அதற்குள் நம்பியே விட்டார்.

தீர்மானம் போட்டார்கள். தமயந்தியின் வண்டி ஒரு மாதத்துக்கு ஸ்டாண்டுக்குள் வரக் கூடாது. கை தூக்கச் சொன்னார்கள். கைகள் மளமளவென்று மேலே போயின. ருக்குமணி இரண்டு கையையும் தூக்கப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவர் ஒன்றை இறக்கினார். தமயந்தி வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஒரே மூச்சில் நாற்பத்தாறு பேரையும் சொல்லிவிடுவாள் என்று அவளுக்கே பயமாக இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு பட்டறைக்கு வந்து, கதவைச் சாத்தி, நன்றாக அழுதாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சகாயராஜ் பைக்கில் வந்து இறங்கினான். நேராக உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தான்.

"பழைய போர்டைப் போடுங்க்கா."

தமயந்தி நம்பாமல் பார்த்தாள். "நான் ஒருத்திதான தம்பி சொன்னேன். மத்தவங்க ஒருத்தரும் சொல்லலையே."

"சொல்ல மாட்டாங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா? ஆனா யாரு வண்டியில சில்லு இருக்குது, யாருதுல இல்லைங்கறது தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதான். அந்த ஆளு பொய் சொல்ல மாட்டாங்கன்னு நேத்துத் தெரிஞ்சு போச்சு. அது போதுங்க எனக்கு."

"நேத்து நீ கை தூக்குனியா?" இதைக் கேட்க வேண்டாம் என்றுதான் தமயந்தி காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள்.

"தூக்கலீங்க. எண்ணீட்டிருந்தேன்." அவன் சிரிக்காமல் சொன்னான். "நாப்பத்தாறு. என்ற வண்டியிலிருந்து தெனம் எழுவத்தஞ்சு போச்சுங்க்கா. ஒரே வண்டி அத்தனையும் குடிச்சுதுன்னா அது வண்டியில்ல, லாரி. உங்களோட நாப்பத்தேழு, என்றதையும் சேர்த்தா ஸ்டாண்டு நாப்பத்தெட்டு. கணக்கு சரியா வருது."

"நான் எதும் சொல்லலை."

"நீங்க சொல்லவே இல்லீங்க."

தமயந்தி இழுப்பறையைத் திறந்து செய்தித்தாளைப் பிரித்தாள். கண் கரித்தது, ஈயப் புகை என்று வைத்துக்கொண்டாள், இத்தனைக்கும் சால்டரிங் இரும்பை இன்னும் சூடேற்றியிருக்கவில்லை. புதுப் போர்டைக் கழற்றி, ஒயர்களை ஒவ்வொன்றாகப் பழையதில் மாட்டினாள்.

"இருந்தாலும் ஒண்ணு இடிக்குதுங்க்கா," என்றான் சகாயராஜ். "மறுபடி யாராச்சும் வந்து சில்லு கேட்டா?"

"வந்துட்டாங்க."

"எப்பங்க?"

"இன்னைக்குக் காலைல, நீ வர்றதுக்கு முன்னால. ரெண்டு பேரு, தனித்தனியா. யாருன்னு கேக்காத."

அவன் முகம் மாறியது. "என்ன சொன்னீங்க?"

"வெச்சுத் தரேன், வண்டியக் கொண்டாந்து உடுங்கன்னு சொன்னேன்." தமயந்தி கடைசி ஸ்க்ரூவை முறுக்கினாள். "ஆனா ஒண்ணு, நான்தான் இப்ப ஊரறிஞ்ச திருட்டுப் போர்டுக்காரி. என்ற பட்டறையில இருந்து யாரு வண்டி வெளிய வந்தாலும் எல்லாரும் ஏன், எதுக்குன்னு கேப்பாங்க, பரவால்லீங்களான்னேன். ஓடியே போயிட்டாங்க. இதை வெக்கத் தெரிஞ்ச ஆளு இந்தப் பக்கம் நான் ஒருத்திதான் தம்பி."

சகாயராஜ் வாய்விட்டுச் சிரித்தான். மூன்று மாதத்தில் அவன் சிரித்து அவள் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் பட்டது. அவளும் சிரித்தாள்.

பிறகு அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஸ்டாண்டுத் தகட்டின் மேல் ஏற்றினான். எவ்வளவு இருக்கிறது என்று ஸ்டாண்டு கேட்டது. எண்பத்திரண்டு என்றது போர்டு. எண்பத்திரண்டுதான் இருந்தது.